விட்ட இடம்

ஜூன் 3

அக்கா,

நேற்று வரை உன் போனில் மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து மணியே அடிக்காமல் கட்டாகிறது. என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். தபாலை அப்படித் தடுக்க முடியாது. கிழித்துப் போடலாம், அவ்வளவுதான். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

துறைமுகக் குடியிருப்புக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், உன் தையல் மிஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மாமாவின் அண்ணன் வீட்டுக்கு நீங்கள் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மாதான் சொல்லி விலாசம் தந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாயே.

மாமா உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "நான் ஒழுங்காத்தான் இறக்கிட்டு இருந்தேன், உன் தங்கச்சி நடுவுல நிறுத்தினா, பெட்டி ஆடிருச்சு." விசாரணையிலும் அதையேதான் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

கிரேனின் காலடியில் வாக்கி-டாக்கியோடு நின்று, மேலே கண்ணாடிக் கூண்டில் இருப்பவருக்குக் கீழ் நிலவரம் சொல்வதுதான் என் வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே மாமாதான். அதை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அன்று மதியம் கன்டெய்னர் பெட்டி ஒன்று கிரேனில் தொங்கியபடி இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஏற்றிக்கொள்ள வந்த லாரி, நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிட்டது. அப்படியே இறக்கினால் பெட்டி லாரியின் முதுகில் உட்காராது, டிரைவர் தலைமேல்தான் உட்காரும். மாமாவும் அதைக் கவனித்துவிட்டார். வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது: "லாரியக் கொஞ்சம்..." அத்தோடு நின்றுவிட்டது.

கருவியில் கோளாறு என்று நினைத்தேன். "சொல்லுங்க மாமா" என்றேன். பதில் இல்லை. பெட்டி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கைப்பிடியை விட்டால் போதும், கிரேன் தானாக நின்றுவிடும். அவர் விடவில்லை. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். லாரிக்காரர் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி ஆட்டினார். அண்ணாந்து பார்த்தேன். மாமா குனிந்து, கண்ணாடித் தரை வழியாகக் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கிரேன் காலில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அறைந்தேன். கிரேன் வெடுக்கென்று நின்றது. பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது. கதவைத் திறந்து குதிக்கப் போன லாரிக்காரரின் காலைக் கதவோடு சேர்த்து நசுக்கியது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் ஒருவரும் நம்புவதில்லை. லாரிக்காரர் அலறுகிறார். ஆட்கள் ஓடி வருகிறார்கள். என் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் மாமாவின் குரல், கொஞ்சம்கூடப் பதற்றமில்லாமல் வருகிறது: "முன்னால எடுக்கச் சொல்லு."

விட்ட இடத்திலிருந்து சொல்கிறார், அக்கா. நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. அப்புறம்தான் கேட்டார்: "யாரு என் வண்டிய நிறுத்தினது?"

நான்தான். இன்னொரு தரம் அப்படி நடந்தாலும் நிறுத்துவேன். ஆனால் அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

வாலு

*

ஜூன் 11

வாலு,

உன் கடிதம் வந்தது. ஓரகத்தி வாங்கி, உறையைப் பின்னும் முன்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சியா? இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்காளாம்?" என்று கேட்டுக் கொடுத்தாள். இதையெல்லாம் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே அறை. தையல் மிஷினை மடித்தால்தான் பாய் விரிக்க முடியும். குழந்தை பழகிய பள்ளிக்கூடத்தை விட்டு மாறியிருக்கிறாள். அவள் கேட்கும் கேள்விகளுக்கு நீ வந்து பதில் சொல்கிறாயா?

நீ பிறந்ததிலிருந்தே குறுக்கே பேசுகிறவள். என்னைப் பெண் பார்க்க இவர் வீட்டிலிருந்து வந்து எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருக்கும்போது, நடுவில் புகுந்து "அக்கா குறட்டை விடுவா, பரவாயில்லையா?" என்று கேட்டவள் நீ. அம்மா உன் தொடையில் கிள்ளினாள். இவர் ஒருத்தர்தான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன். அந்த மனிதரைத்தான் நீ இன்று நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்திருக்கிறாய்.

அவர் பொய் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நன்றி. அப்படியானால் நீ கூப்பிட்டதாகச் சொல்வது என்ன? "எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல. நல்லா இறங்கிட்டு இருந்துச்சு, திடீர்னு ஒரு உதறல், கீழ ரத்தம்" என்கிறார். உறக்கத்திலும் இதைத்தான் முனகுகிறார். விசாரணைத் தாளில் தூங்கிவிட்டார் என்று எழுதினார்களாமே, கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா அவர்களுக்கு? பகலில் கண்ணை மூடிய ஆளே இல்லை இவர்.

யார் கூப்பிட்டாலும் கேட்காது என்பது வேறு விஷயம். அது எனக்குத்தானே தெரியும். நான் பாட்டுக்கு மூச்சுப் பிடித்துப் பேசிக்கொண்டிருப்பேன், இவர் சுவரைப் பார்த்து நிற்பார். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தால் செம்போடு நிற்பார். அவர் பேசிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், பாதியில் விட்டுவிட்டு நிற்பார், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி மீதியைச் சொல்வார். இதற்காகவே எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். கல்யாணமான ஆண்களுக்கு எல்லாம் இந்தச் செவிட்டு வியாதி உண்டு. உனக்கு ஒருவன் வாய்த்தால் தெரியும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் யார் கையையும் எதிர்பார்த்து இல்லை. இவருடைய அண்ணன் ஒரு பழைய வேன் பார்த்துக் கொடுத்திருக்கிறார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வேலை. வரும் திங்கள் கழித்து அடுத்த திங்கள் ஆரம்பம். இனி உன் வாக்கி-டாக்கியும் வேண்டாம், உன் சிவப்புப் பொத்தானும் வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 14
கூரியரில்

அக்கா,

என்மேல் உள்ள கோபத்தை எல்லாம் அப்படியே வைத்துக்கொள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன், அப்புறமாக வந்து அடி. இதை மட்டும் இப்போதே செய். மாமாவை வேன் ஓட்ட விடாதே.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். செம்போடு நிற்பார் என்று நீ எழுதிய இடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பாதியில் விட்டுவிட்டு நிற்பார், அப்புறம் மீதியைச் சொல்வார்." இதை நீ எழுதினாயா, நான் எழுதினேனா? நான் ஒரே ஒரு தடவை பார்த்து நடுங்கிப்போனதை, நீ வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறாய்.

துறைமுக யார்டில் இருக்கும் மருத்துவரிடம் ஓடினேன். அவர் தலைவலி மாத்திரை கொடுக்கிற டாக்டர்தான். ஆனால் உன் வரிகளைப் படித்துக் காட்டியதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "அந்த நேரத்துல கூப்பிட்டா திரும்புவாரா? தொட்டா தெரியுதா? கண்ணு திறந்திருக்கா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். மூளைக்குப் பார்க்கிற டாக்டரிடம் உடனே காட்டச் சொன்னார். "அதுவரைக்கும் சைக்கிள்கூட ஓட்டக்கூடாதும்மா" என்றார்.

மாமாவின் அண்ணனுக்குப் போன் செய்தேன். "எங்க குடும்பத்துல பைத்தியக்காரன் யாரும் இல்ல" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். விசாரணை முடியும்வரை எனக்கு லீவு கிடையாது என்கிறார்கள். லீவு கொடுத்தால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். கொடுக்கும்வரை நீதான்.

நான் சொல்வது தப்பாக இருந்தால் நல்லது. தப்பா என்று பார்ப்பதற்காகவாவது, அடுத்த தடவை அவர் நிற்கும்போது சண்டை போடாமல், எதிரே போய் அவர் முகத்தைப் பார்.

வாலு

*

ஜூன் 19

வாலு,

உன் கடிதத்தைக் கசக்கி அடுப்படியில் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். நீ சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே இரண்டு நாள் அவரைக் கவனித்தேன். ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகப் பேசினார். "என்ன, புதுசாப் பார்க்கிற மாதிரி பார்க்கிறே?" என்று கேலிகூடச் செய்தார். உனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பதில் எழுத வேண்டும் என்று மனசுக்குள் எழுதியே வைத்திருந்தேன்.

இன்று காலை டீ ஊற்றிக் கொடுத்தார். நான் டம்ளரைப் பிடித்திருந்தேன். "சர்க்கரை..." என்றார். டம்ளர் நிறைந்தது. வழிந்தது. என் விரலில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். எப்போதும் போலக் கத்தத்தான் வாயைத் திறந்தேன். நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

அங்கே யாரும் இல்லை, வாலு.

கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்வது போல லேசாக அசைந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். பாத்திரம் காலியான பிறகும் கை அப்படியே சாய்ந்திருந்தது. பிறகு ஒரு மூச்சு விட்டு, "...போட்டாச்சா?" என்றார். தரையைப் பார்த்தார். "என்னடி இது, டம்ளரை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?" என்று என்னைத் திட்டினார்.

கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எரிச்சலே தெரியவில்லை. என்னை மதிக்கவில்லை, என் பேச்சு இவருக்கு இளக்காரம் என்று நான் அழுத நேரங்களில் எல்லாம் இவர் அங்கே இருந்தாரா, இல்லையா? எது அலட்சியம், எது இது என்று இப்போது எப்படிப் பிரிப்பேன்?

வேன் விஷயத்தை இன்று இரவு பேசப்போகிறேன். வாசலில் இவர் அண்ணன் குரல் கேட்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 23

பிறகு என்று எழுதியது நாலு நாளாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பேசினேன். கேட்கவில்லை. "நீயும் உன் தங்கச்சியும் சேர்ந்து என்னைப் பைத்தியம்னு எழுதி வாங்கப் பார்க்கிறீங்களா?" என்றார். சாவியை ஒளித்து வைத்தேன். அண்ணனிடம் இன்னொரு சாவி இருந்தது. நேற்று திங்கள்கிழமை. காலையில் நம் குழந்தையை முன் ஸீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினார். மற்ற பிள்ளைகளை வழியில் ஏற்ற வேண்டும். நான் ஓடிப்போய் கேட்டுக்கு முன்னால் குறுக்கே நின்றுவிட்டேன்.

ஹாரன் அடித்தார். தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணன், "அசிங்கப்படுத்தாதம்மா, நகரு" என்றார். ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நான் நகரவில்லை. அவர் ஜன்னலில் தலையை நீட்டி, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத கோபத்தோடு, "இப்ப நீ நகரலைன்னா..." என்றார்.

அப்படியே நின்றுவிட்டார்.

வேன் நிற்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டே என்மேல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, அதுதான் பயங்கரம். ஓடக்கூட எனக்குத் தோன்றவில்லை. என்னை ஏற்றிக் கொல்லப்போகிறார் என்று அந்த நொடியில் நினைத்தேன். எல்லாம் தெரிந்த நானே, அவருடைய முகத்தைப் பார்த்து அப்படி நினைத்தேன். உள்ளே குழந்தை "அப்பா! அப்பா!" என்று கத்தி அவர் கையை இழுத்தாள். அண்ணன்தான் என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துத் தள்ளினார். வேன் கேட்டை வளைத்துக்கொண்டு போய்த் தூணில் மோதி அணைந்தது.

அவர் கண்ணை ஒரு தடவை இமைத்தார். நான் இல்லாத வெறும் இடத்தைப் பார்த்துச் சொன்னார்: "...நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

பிறகு இறங்கி வந்து, "கேட் எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டார். அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை அவரிடம் போக மாட்டேன் என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஏதோ புரிந்தது. "என்ன நடந்துச்சு? யாராவது சொல்லுங்களேன்" என்று எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

அண்ணனே பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. இதை விசாரணையில் சொல்லிவிடாதே. வியாதி என்று ஒரு தாளில் ஏறிவிட்டால் அப்புறம் அவருக்கு எந்த வேலையும் கிடைக்காது. தூங்கிவிட்டார் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா

*

ஜூன் 26

அக்கா,

இதைப் படித்துவிட்டு யார்டின் நடுவில், வண்டிகள் போகிற வழியில் நின்றுவிட்டேன். யாரோ என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்கள். தடுத்துவிடு என்று எழுதினேனே தவிர, நீ வேனுக்கு முன்னால் போய் நிற்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? குழந்தை தூங்குகிறாளா? உன் கையில் கொப்புளம் எப்படி இருக்கிறது?

நீ கேட்டதற்கு வருகிறேன். சொல்லாதே என்றால் சொல்ல மாட்டேன். என்னை வளர்த்தவள் கேட்கிறாய், மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். போன வாரம் லாரிக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் போகவில்லை, ஆனால் பழைய மாதிரி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். நான் யார் என்று சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய மனைவி வெளியே வந்து, "போயிடுங்கம்மா. உங்க மாமா பேரைக் கேட்டாலே இவர் உடம்பு உதறுது" என்றார். கோபம் இல்லை, அக்கா. அது பயம். ஏன் அவ்வளவு பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

தூங்கிவிட்டார் என்றே இருக்கட்டும் என்கிறாய். அதை நீயும் நானும் முடிவு செய்யலாமா? மாமாவிடம் கேட்டாயா?

வாட்ஸப்பில் உன் படம் மறுபடி தெரிவதால் என் எண்ணை விடுவித்துவிட்டாய் என்று பார்த்தேன். ஆனாலும் போன் செய்யவில்லை. போனில் என்றால் உன்னை முடிக்க விட மாட்டேன், குறுக்கே புகுந்துவிடுவேன். இப்போது நீ சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும்.

வாலு

*

ஜூலை 7

வாலு,

குழந்தை தூங்குகிறாள். என் பக்கத்தில் படுத்தால்தான். கொப்புளம் ஆறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு கட்டிலில் உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு கேமரா. டாக்டர் ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். "ஏதாவது பேசிட்டே இருங்க. உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். வேலை என்றதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. கிரேன் எப்படித் தூக்கும், காற்று அடித்தால் எப்படி விட்டுப் பிடிக்க வேண்டும் என்று பாடமே நடத்தினார். அந்தப் பெண்ணும் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளுக்குள், ஒன்றும் வரக்கூடாது என்று ஒரு மனசும், வந்து தொலைத்தால் தேவலை என்று ஒரு மனசுமாக உட்கார்ந்திருந்தேன். வந்தது.

பிறகு எங்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினாள். அவர் தன்னையே பார்க்கிறார். திரையில் இருக்கும் அவர் கையை ஆட்டிப் பேசுகிறார், "பெட்டி தரையைத் தொடுற நேரத்துல..." என்கிறார், அங்கேயே நின்றுவிடுகிறார். கை அந்தரத்தில் நிற்கிறது. டாக்டர் கூப்பிடுகிறாள். முகத்துக்கு முன்னால் கை தட்டுகிறாள். உதடு அசைகிறது. பிறகு, "...மூச்சைப் பிடிச்சுக்கணும்" என்று முடிக்கிறார். நடுவில் இருந்தது அத்தனையும் அவருக்குத் தெரியவே தெரியாது, வாலு. முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"இன்னொரு தரம் போடுங்க" என்றார். போட்டாள். அதற்குப் பிறகும் கேட்டார். வேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

இதுவும் வலிப்புதான் என்றாள் டாக்டர். கை கால் இழுப்பது மட்டும் வலிப்பு இல்லையாம். கண் பார்க்கும், கை செய்துகொண்டிருந்ததையே செய்யும், ஆள் மட்டும் அதற்குள் இருக்க மாட்டார். மாத்திரையில் கட்டுக்குள் வரும் என்று நம்பிக்கை சொன்னாள். வண்டி, உயரம், இயந்திரம் மூன்றும் கூடாது.

வெளியே வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு, "அப்ப அவ கூப்பிட்டிருக்கா" என்றார். உன்னைத்தான். "எத்தனை வருஷமா இப்படி?" என்று என்னைக் கேட்டார். "எனக்குத் தெரியலங்க. நான் அப்பல்லாம் உங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

விசாரணையில் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டதைச் சொன்னேன். "சொன்னா அப்புறம் எந்த வண்டியும் உங்க கைக்கு வராது" என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வரக்கூடாதுதானே?" என்றார்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. நான்தான் ஓயாமல் "இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுக்கிறேன். "இருக்கேன், இருக்கேன். சோத்தைத் தின்ன விடு" என்கிறார். குழந்தை இரண்டு நாளாகத்தான் பக்கத்தில் உட்காருகிறாள்.

விசாரணைக்கு வருகிறார். கூட வருகிறேன் என்றால் கேட்கவில்லை. பஸ் ஏற்றி விடுகிறேன். நீ போய் இறக்கிக்கொள். ஒரு கண்ணை அவர்மேலேயே வை.

அக்கா

*

ஜூலை 15

அக்கா,

மாமாவைத் திருப்பி பஸ் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் வந்து சேர்ந்திருப்பார். ஆனால் அவர் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார் என்று தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என்னைப் பார்த்து, "குறட்டை விடுறவளோட தங்கச்சி எங்கேன்னு தேடிட்டு இருந்தேன்" என்றார். மன்னிப்பு அது இது என்று ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கையில் ஆஸ்பத்திரி உறை இருந்தது.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். எதிரே ஒரு பெஞ்சு. லாரிக்காரரும் வந்திருந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாமா இருக்கும் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

மாமா எழுந்தார். "அன்னிக்கு இவ கூப்பிட்டது நிஜம் சார். எனக்குக் கேக்காததும் நிஜம்" என்று ஆரம்பித்தார்.

"அதாவது தூங்கிட்டீங்க" என்றார் நடுவில் இருந்த அதிகாரி.

"இல்ல சார்."

"அப்ப போன் பார்த்துட்டு இருந்தீங்க."

"இல்ல சார், நான் முடிச்சுடறேன்."

"எங்களுக்கு நேரம் இல்ல. தேவையானதை மட்டும் சொல்லுங்க."

"அதைத்தான் சார் சொல்லிட்டு இருக்கேன்." குரலை உயர்த்தவில்லை. உறையைப் பிரித்து மேஜையில் வைத்தார். வியாதியின் பேரைச் சொன்னார். வேன், கேட், நீ குறுக்கே நின்றது, குழந்தை அலறியது, எதையும் விடவில்லை. திரையில் தன்னைப் பார்த்ததையும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அவரை நடுவில் நிறுத்தவில்லை. "இந்தப் பொண்ணு அன்னிக்கு நிறுத்தாம இருந்திருந்தா அவர் கால் இல்ல, தலை போயிருக்கும். தப்பு இவ பேர்ல இருக்கக் கூடாது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதிகாரி எதையோ எழுதத் தொடங்கினார். அப்போதுதான் லாரிக்காரர், "நான் ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"உங்க முறை வரும்" என்றார் அதிகாரி.

"இல்ல சார், இப்ப கேக்கணும்." முதல் தடவையாக மாமா பக்கம் திரும்பினார். "நீங்க என்னைப் பார்த்தீங்க. நான் ரெண்டு கையும் ஆட்டினேன். என் கண்ணை நேராப் பார்த்தீங்க. பார்த்துட்டேதான் பெட்டியை இறக்கினீங்க. பொழுதுக்கும் அதேதான் சார் எனக்கு. இந்த மனுஷனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன், எங்கயாவது இவர்கிட்ட மரியாதையில்லாம பேசிட்டேனா, யாராவது இவரை ஏவி விட்டாங்களான்னு யோசிச்சு யோசிச்சு..."

அவருக்கு ஏன் அவ்வளவு பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, அக்கா. வேன் உன்மேல் வந்தபோது நீ ஒரு நொடி நினைத்ததை, அந்த மனிதர் அன்றிலிருந்து இன்று வரை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறார்.

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. இதை அவர் எதிர்பார்க்கவே இல்லை. எழுந்து போய் அவர் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கண்ணு பார்த்துச்சுங்க. நான் பார்க்கல" என்றார். "உங்களை எனக்கு யாருன்னுகூடத் தெரியாது. நீங்க எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

லாரிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "என் சம்சாரமும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க" என்று எண்ணைப் போட்டு நீட்டினார். அதிகாரி வாயைத் திறந்தார், பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மாமா போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் குரல் கேட்டது. "நான்தாம்மா" என்றார். "அன்னிக்குக் கிரேன்ல..."

அத்தோடு நின்றுவிட்டார்.

நாற்காலி சாய்ந்து விழ எழுந்துவிட்டேன். மாத்திரை கேட்கவில்லையா, இந்த அறையில் இத்தனை பேர் முன்னாலா என்று பாய்ந்துபோய் எதிரே குனிந்து, நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே, அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் இருந்தார், அக்கா. கண்ணீர் தாரையாக வடிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்த பெண்ணிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

வாலு